இருநூற்றைந்து லிட்டர்

ஆறு பொய் சொல்லும் என்பதை ஐலீன் மக்காஸ்கில் இருபத்திரண்டு வயதிலேயே தெரிந்துகொண்டாள். அதைத் தெரிந்துகொண்டதுதான் அவளுக்கு உத்தியோகமாக அமைந்தது.

வைடோரா பெரிய ஆறல்ல. மலையிலிருந்து இரைச்சலோடு இறங்குகிற வகையும் அல்ல. எங்கள் சமவெளியின் நடுவில் ஊற்றாகக் கிளம்பி, மேய்கிற பசுக்களுக்கிடையே இருபது கிலோமீட்டர் ஓசைப்படாமல் போய்க் கடலில் சேர்வது. குளிர்காலம் முழுக்க யோக்கியமாக இருக்கும். எங்கள் பக்கம் ஜனவரிதான் நடுக்கோடை; அது பிறந்தால் அடியில் களை மண்டிவிடும். களை மண்டினால் தண்ணீர் தடைபட்டு மட்டம் உயரும். பாலத்தடியில் வட்டார மன்றம் மாட்டிவைத்திருக்கிற பெட்டிக்கு மட்டம் மட்டுமே தெரியும். எவ்வளவு ஓடுகிறது என்று தெரியாது. மட்டம் ஏறினால் தண்ணீரும் ஏறியிருக்கிறது என்று நம்பி, அந்தக் கணக்கை மன்றத்தின் வெப்சைட்டுக்கு அனுப்பிவிடும். ஆறு செத்துக்கொண்டிருக்கும்போது பெட்டி செழிப்பு என்று சொல்லும். அதனால் யாராவது ஒருவர் மார்பு வரை ரப்பர் கால்சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, அரை மீட்டருக்கு ஓரிடமாகக் கோலை ஊன்றி, அதன் நுனியில் சுழலும் சின்னக் காற்றாடியின் சுற்றை எண்ணி, உண்மையில் ஓடுவது இவ்வளவு என்று சொல்ல வேண்டும். முப்பத்தாறு வருஷமாக அந்த ஒருவர் ஐலீன்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது மன்றம் இல்லை, வாரியம் இருந்தது. வாரியத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். முதல் வாரம் அவளை டீ போடச் சொன்னார்கள். இரண்டாவது வாரம், வேடிக்கை பார்க்கலாம் என்று, வெள்ளம் வடியாத ஆற்றில் இறக்கிவிட்டார்கள். அவள் விழவில்லை. அளந்து கொண்டுவந்த எண் சரியாகவும் இருந்தது. அதன் பிறகு டீ அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

அப்பாவுக்கு முந்நூறு ஏக்கர் ஆட்டுப் பண்ணை. நிலம் மகனுக்கு என்பது எங்கள் பக்கத்தில் யாரும் எழுதி வைக்காத சட்டம். தம்பி முரேவுக்கு முந்நூறு ஏக்கர் வந்தது, ஐலீனுக்கு அம்மாவின் தையல் மிஷின் வந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளைக் கட்டியவன் சுரங்க வேலைக்கு என்று ஆஸ்திரேலியா போய், அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டான். அதைப் பற்றியும் பேசியதில்லை. பிள்ளை கிடையாது. முரேவின் மகள் கிர்ஸ்டிதான் அவளுக்கு எல்லாம். ஐந்து வயதில் அத்தையின் ரப்பர் கால்சட்டைக்குள் முழுசாக இறங்கி நின்றுகொண்டு, “நானும் ஆறு அளக்கப் போறேன்” என்று கத்திய குழந்தை அது.

பிறகு ஆடுகள் போய்ப் பசுக்கள் வந்தன. பசுக்களுக்குப் புல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் வேண்டும். அரைக் கிலோமீட்டர் நீளத் தெளிப்பான்கள் கடிகார முள் மாதிரி வயல்களைச் சுற்றி வரத் தொடங்கின. தண்ணீர் எடுக்க அனுமதிச் சீட்டு கொடுக்கும் கை மன்றத்துடையது. ஆற்றைக் காப்பாற்ற வேண்டிய கையும் மன்றத்துடையதே. அந்த இரண்டு கைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதாக ஐலீனுக்குத் தெரிந்து ஒரு நாளும் இல்லை. ஆனால் ஒரே ஒரு விதி உருப்படியாக இருந்தது. பாலத்தில் ஓட்டம் நொடிக்கு இருநூற்றைம்பது லிட்டருக்குக் கீழே இறங்கினால், அன்று நள்ளிரவிலிருந்து பம்புகள் எல்லாம் நிற்க வேண்டும். பாலத்தைத் தாண்டி, ஆறு போகிற போக்கில் பதினோரு பம்பு. அதில் மூன்றாவது முரேவுடையது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்படி நிறுத்தச் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐலீன் அந்தப் பக்கம் வண்டியில் போனாள். முரேவின் பம்பு ஜோராக ஓடிக்கொண்டிருந்தது. நோட்டில் நேரத்தை எழுதினாள், போட்டோ எடுத்தாள், திங்கட்கிழமை ஆபீசில் கொடுத்தாள். முரேவின் பெயர் உள்ளூர்ப் பேப்பரில் வந்தது. அடுத்த மாதம் அம்மா இறந்தபோது சர்ச்சில் அக்கா ஒரு கோடியில், தம்பி மறு கோடியில். வெளியே வந்ததும் முரே கிட்டே வந்து, “நீ அந்த ஆத்துக்கே அக்காவா இருந்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனான். நான்கு கிறிஸ்துமஸ்களை ஐலீன் தன் சின்ன வீட்டில் டி.வி.யோடு கொண்டாடினாள்.

இந்தப் பின்னணியில்தான் ஜனவரியில் அந்த அழைப்பு வந்தது. கிர்ஸ்டிக்குக் கல்யாணம், பிப்ரவரி ஏழு, சனிக்கிழமை, பண்ணை வீட்டுப் புல்வெளியில். அட்டையின் பின்னால் கிர்ஸ்டியே எழுதியிருந்தாள்: ‘நீங்க வரலைன்னா நான் கவுனே போடமாட்டேன், அத்தை.’ இரண்டு நாள் கழித்து முரேவே போன் செய்தான். நான்கு வருஷமாகப் பேசாதவன் நேற்றுத்தான் பேசியவன் போல, “என்னக்கா, விருந்துக்கு ஹாம் நல்லா சுடுற ஆளு யாராவது தெரியுமா?” என்றான். போனை வைத்த பிறகு ஐலீன் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷ அழுகைதான், ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

பிப்ரவரி ஐந்து, வியாழக்கிழமை. மறுநாள் வைதாங்கி நாள், நாடு முழுக்க விடுமுறை. மூன்று வாரமாக மழை இல்லை. மலையைத் தாண்டி வரும் வடமேற்குச் சூட்டுக்காற்று நான்காவது நாளாக வீசிக்கொண்டிருந்தது. ஐலீன் பாலத்தடியில் இறங்கினாள். பெட்டி இருநூற்றுத் தொண்ணூறு காட்டியது. களை அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டது. ஒரு தடவை அளந்தாள். நம்பாமல் மறு தடவை அளந்தாள். இரண்டு தடவையும் இருநூற்றைந்து.

மேலே பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நைரி நின்றுகொண்டிருந்தாள். நைரியும் ஐலீனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் நைரி சமையல் வேலை பார்க்கிறாள். ஆறு கடலில் சேரும் இடத்தில்தான் அவள் சுற்றத்தாரின் மராயே இருக்கிறது. சாவு, வாழ்வு எதுவானாலும் அந்தக் குலம் கூடுவது அந்த வீட்டில்தான். பதினோரு பம்புக்கும் கீழே, வில்லோ மரங்கள் கவிந்த வளைவில் ஒரு மடு உண்டு. அந்த மடுவில் விலாங்குகள். சின்னது எல்லாம் இல்லை. ஒவ்வொன்றும் ஆள் கை நீளம், தொடை கனம். அறுபது எழுபது வருஷம் ஆற்றிலேயே இருந்து தின்று கொழுத்து, வாழ்நாளில் ஒரே ஒரு இலையுதிர் காலத்தில், ஒரே ஒரு வெள்ளத்தில் கடலுக்குப் போய், எங்கேயோ தூரத்தில் முட்டையிட்டுச் செத்துப்போகும் பெண் விலாங்குகள். நைரியின் ஆட்கள் விருந்துக்குச் சின்னதைத்தான் பிடிப்பார்கள். இந்தப் பெரியவற்றைத் தொட்டதே இல்லை.

“என்னடி சொல்றா உன் ஆறு?” என்று நைரி மேலிருந்து கேட்டாள்.

“மூச்சு வாங்குறா. பெட்டி இருநூத்தித் தொண்ணூறுங்குது. நிஜத்துல இருநூத்தஞ்சுதான்.”

“அடப்பாவமே. அப்ப பதினோரு பேரும் உறிஞ்சினா மடுவுக்கு என்ன மிஞ்சும்? எச்சிலு கூட மிஞ்சாதே.” நைரி குனிந்து பார்த்தாள். “நாளைக்கு எங்க பசங்க எல்லாம் வர்றாங்க, ஐலீன். முப்பது பேரு. வலை இருக்கு, தொட்டி இருக்கு. அள்ளிட்டுப் போய் மேல ஊத்துக்கண்ணுல விட்டுரட்டுமா?”

ஐலீன் யோசித்தாள். “வேணாம். இந்த வெயில்ல கையால தூக்கினா பாதி வழியிலயே போயிடும். அதுங்க கிழவிங்க. இன்னைக்கு நடுராத்திரியோட பம்பு நின்னுரும். விடிஞ்சா தண்ணி தானா வரும்.”

“நிச்சயமா?”

“நான்தானே அளந்தேன்.”

“நீ அளந்தாச் சரி” என்றாள் நைரி. “உங்க மன்றத்துல மத்தவன் சொல்லியிருந்தா இந்நேரம் வலையை எடுத்திருப்பேன்.” வறுத்த ரொட்டி இரண்டைத் துணியில் சுற்றிப் பாலத்துச் சுவர் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஐலீன் ஆபீசுக்குப் போனபோது மணி இரண்டு. விடுமுறைக்கு முந்தின நாள். பாதி மேஜை காலி. குழுத் தலைவன் ஃபெர்கஸ் முப்பத்தெட்டு வயசுக்காரன். நல்லவன்தான், யாருக்கும் கெடுதல் செய்யாதவன். நல்லது செய்தும் யாரும் பார்த்ததில்லை.

“இருநூத்தஞ்சா?” என்று உதட்டைப் பிதுக்கினான். “போன வருஷம் வந்த சுற்றறிக்கை ஞாபகம் இருக்கா? பெட்டி எண்ணுக்குத் திருத்தம் போடறதால பம்பு நிறுத்தற நிலை வந்தா, ரெண்டாவது ஆள் ஒருத்தர் மறுபடி அளக்கணும்.”

“ரெண்டாவது ஆள் டில்லன். அவன் லீவுல ஏரிக்குப் போயிட்டான். செவ்வாய்க்கிழமைதான் வருவான்.”

“அவசரம்னா மூத்த அலுவலர் ஒரே கையெழுத்துல போடலாம்னும் அதுலயே இருக்கு. மூத்த அலுவலர் நீங்கதான்.” ஃபெர்கஸ் காரின் சாவியை விரலில் சுழற்றினான். “உங்க விருப்பம், ஐலீன். எதைப் போட்டாலும் நான் கேள்வி கேக்கமாட்டேன்.”

கேள்வி கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த ஆபீசில் முப்பத்தாறு வருஷத்தில் கேள்வி கேட்காத கருணையால் நடந்த நாசங்களை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கட்டங்கள். ஒன்று ‘உடனே அமல்’. மற்றது ‘மறு அளவைக்குக் காத்திருக்கிறது’. இத்தனை வருஷத்தில் ஐலீன் முதல் கட்டத்தைத் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. அதைத் தொடக் கையை நீட்டியபோது போன் அடித்தது. முரே.

“அக்கா, உன் வண்டியைப் பாலத்துல பாத்ததா ஊரே பேசுது. ரெண்டு வாட்டி அளந்தியாமே?”

“ஊருக்கு வேற வேலையே இல்லையா?”

“நீ ஆத்துல எறங்கினா எங்க எல்லாருக்கும் வயித்தைக் கலக்கும், அது உனக்குத் தெரியாதா என்ன.” சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. “நிறுத்தப் போறியா?”

ஐலீன் நாற்காலியைத் திரையை விட்டுத் திருப்பிக்கொண்டாள்.

“நான் சட்டத்தை மீறச் சொல்லலக்கா. ரெண்டாவது ஆள் அளக்கணும்னு உங்க சட்டத்துலயே இருக்காமே. டில்லன் செவ்வாய்க்கிழமை வந்துருவானாம், அப்ப அளங்க, நிறுத்துங்க, நான் ஒரு வார்த்தை பேசினா என்னன்னு கேளு. நாளன்னைக்கு என் வீட்டுல உக்காரப் போற நூத்தி இருபது பேரும் இந்த ஆத்துக்காரங்க. ஒவ்வொருத்தன் வீட்டுலயும் புல்லு கருகிட்டிருக்கும்போது, நீ வந்து முதல் வரிசைல உக்காந்தா, அத்தனை பேரும் பொண்ணைப் பாப்பாங்களா, உன்னைப் பாப்பாங்களா? கிர்ஸ்டி மூஞ்சியை யோசிச்சுப் பாரு.”

“முரே...”

“நாலு நாள்கா. நாலே நாள். ஆறு எங்க ஓடிடப் போகுது?”

போனை வைத்த பிறகு ஐலீன் மறுபடி திரைப்பக்கம் திரும்பினாள். தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொள்ள அவளுக்குப் பழக்கம் இல்லை. அதனால் அன்றைக்குச் சொல்லிக்கொண்டவை எல்லாம் உடனே எடுபட்டுவிட்டன. சுற்றறிக்கையில் இருக்கிறது. ஃபெர்கஸும் சொன்னான். சனிக்கிழமை மழை வரலாம் என்று ரேடியோவில் ஒருத்தன் சொன்னான். நானூறு தடவை நேர்மையாக இருந்தவள் ஒரு தடவை மற்றவர்களைப் போல இருந்தால் என்ன குடிமுழுகிவிடும்? அவள் இரண்டாவது கட்டத்தைத் தொட்டாள். இருநூற்றைந்து லிட்டர் திரைக்கு உள்ளே போய்ச் செவ்வாய்க்கிழமை வரை தூங்கிவிட்டது. வெப்சைட் எல்லாருக்கும் இருநூற்றுத் தொண்ணூறு என்று பச்சை நிறத்தில் காட்டியது.

கல்யாணம் நன்றாக நடந்தது. அதை மறைப்பதற்கு இல்லை. கிர்ஸ்டி வெள்ளைக் கவுனில் வாசல் தாண்டி வந்ததும் நேரே ஐலீனிடம் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஐலீனின் கழுத்து மணிமாலை அறுந்து இரண்டு பேரும் புல்லில் முழங்காலிட்டு மணி பொறுக்கினார்கள். ஹாம் சரியாக வெந்திருந்தது. முரே கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிப் பேசும்போது, “எங்க அக்கா இங்க இருக்கா, அது போதும் எனக்கு” என்று சொல்லி முடிக்க முடியாமல் நின்றான். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஐலீனுக்குக் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒருவன் நடனத்துக்குக் கூப்பிட்டான். அவள் ஆடினாள், காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினாள். கல்யாணப் போட்டோக்களில் எல்லாவற்றிலும் பின்னணியில் தெளிப்பான் தண்ணீர் வில்லாக வளைந்து மின்னியது. போட்டோக்காரன் அதுதான் அழகு என்று வேண்டுமென்றே அந்தப் பக்கமாக நிற்கவைத்தான்.

மழை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நைரியின் போன் வந்தது. “ஐலீன், மடுவுக்கு வா” என்றாள்.

ஐலீன் வண்டியை விட்டு இறங்குவதற்கு முன்பே நாற்றம் வந்தது. பத்தாவது பம்புக்குக் கீழே ஆறு என்று ஒன்று இல்லை; வெளுத்த கூழாங்கல்தான். மடுவில் ஒரு சாப்பாட்டு மேஜை அளவுக்குச் சேறு, அதன் மேல் பச்சை நுரை. விலாங்குகள் அதற்குள் செத்துக் கிடந்தன. பல விலாங்குகள் தண்ணீரைத் தேடிக் கரையேறி, சுடுகல்லில் பத்தடி இருபதடி ஊர்ந்து போயிருந்தன. அவற்றின் மேல் ஈ மொய்த்தது. ஒன்று ஆற்றுப் போக்கில் கடல் இருக்கிற திசையைப் பார்த்துத் தலையை நீட்டிக் காய்ந்திருந்தது. நைரியின் ஆட்கள் முப்பது பேரும் நின்றார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள். இளைஞர்கள் சிலர் சாக்கில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மெல்லிய குரலில் அழுது பாடினாள், மனிதர் செத்தால் பாடுவது போலவே.

“தொண்ணூத்தி நாலு” என்றாள் நைரி. “எண்ணிட்டோம். எங்கப்பா சின்னப் பையனா இருக்கறப்பவே இதுங்க இங்க இருந்துச்சு.” கண் சிவந்திருந்தது. ஐலீனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நீ சொல்லியும் அவனுங்க கேக்கலல்ல? உன் எண்ணைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டானுங்கல்ல?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய் திறந்தால் போதும். நைரியின் கை தோளில் இருக்கும்போது ஐலீனால் சொல்ல முடியவில்லை. தலை குனிந்தாள்; நைரி அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். ஐலீன் சாக்கு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, சாயங்காலம் வரை அவர்களோடு சேர்ந்து கரையில் குழி வெட்டினாள்.

செவ்வாய்க்கிழமை டில்லன் வந்தான். இரண்டு பேரும் அளந்தார்கள். நூற்று நாற்பது. பம்புகள் நின்றன. மன்றத்தின் பழக்கப்படி திருத்தம் செவ்வாயிலிருந்துதான் அமலுக்கு வந்தது. கழிந்த நாட்களை யாரும் தொடவில்லை. ஆகவே காகிதத்தில் வியாழன் முதல் திங்கள் வரை வைடோராவில் நொடிக்கு இருநூற்றுத் தொண்ணூறு லிட்டர் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அந்தத் தண்ணீரில் தொண்ணூற்று நான்கு விலாங்குகள் செத்தன.

மார்ச் மாதம் மன்றத்தின் நீர்க் குழு கூடியது. பொதுமக்களும் உட்காரலாம். தலைவர் ஹோல்ஸ்டன் மலையோரப் பண்ணைக்காரர், தேர்தலில் ஜெயித்து வந்தவர். அறிக்கை ஒன்றரைப் பக்கம். அசாதாரண வறட்சி, இயற்கைக் காரணம், குறைந்தபட்ச ஓட்டம் எந்த நாளிலும் மீறப்படவில்லை, அனுமதிதாரர் எவர் மீதும் குற்றமில்லை. வேண்டுமானால் விலாங்குகளைக் குறை சொல்லலாம் என்று மட்டும்தான் எழுதவில்லை.

நைரி எழுந்தாள். பின்னால் அவள் சுற்றத்தார் இருபது பேர் எழுந்தார்கள்.

“இந்தக் காகிதம் பொய்” என்றாள் நைரி. “வியாழக்கிழமையே இருநூத்தஞ்சுதான். உங்க ஆளுதான் அளந்தா. என் கண்ணு முன்னால அளந்தா. இந்தக் கட்டடத்துல பொய் சொல்லாத ஆளு ஒருத்தி இருக்கா, அந்தா உக்காந்திருக்கா. அவ எண்ணை அமுக்கினது யாருன்னு எனக்குத் தெரியணும். அவ கொடுத்தா. நீங்க அமுக்கிட்டீங்க. யாரு?”

அறையில் இருந்த அத்தனை கண்ணும் ஐலீன் பக்கம் திரும்பியது. ஃபெர்கஸ் காகிதங்களை அடுக்கினான். பேசாமல் இருந்துவிடலாம். மன்றத்தின் மேல் பழி விழும், மன்றத்துக்கு அது ஒன்றும் புதிதல்ல. நைரி கடைசி வரை அவளை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டிருப்பாள். ஐலீன் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். எழுந்தாள்.

“யாரும் அமுக்கல” என்றாள். “நான்தான் நிறுத்தி வச்சேன். உடனே அமல்னு போட எனக்கு அதிகாரம் இருந்துச்சு. என் தம்பி வீட்டுக் கல்யாணம். தம்பி கேட்டுக்கிட்டான். நான் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிப் போட்டேன். அந்த விலாங்கு செத்ததுக்கு நான்தான் காரணம். அறிக்கையில அதை எழுதுங்க.”

ஹோல்ஸ்டன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஃபெர்கஸ், சுற்றறிக்கைப்படி ரெண்டாவது அளவை தேவையா, இல்லையா?”

“தேவைதான்.”

“அதுக்காகக் காத்திருந்தது விதிமீறலா?”

“இல்லை. காத்திருக்கறதுதான் வழக்கமான நடைமுறை.”

“அப்படின்னா அலுவலர் நடைமுறையைச் சரியாகப் பின்பற்றினார்னு குறிச்சுக்குங்க” என்றார் ஹோல்ஸ்டன். “சொந்த விஷயங்களை எல்லாம் குறிப்பில் ஏத்த வேண்டாம். அடுத்த பொருள்?”

அவ்வளவுதான். அடுத்த பொருள், ஆற்றங்கரையில் பள்ளிப் பிள்ளைகளை வைத்து மரக்கன்று நடுவது. அதற்குப் பத்து நிமிஷம் கைதட்டினார்கள்.

இடைவேளையில் ஃபெர்கஸ் ஓடிவந்தான். “எதுக்கு இப்படிப் பண்ணீங்க? உங்க வேலைக்கு ஒரு ஆபத்தும் இல்லை, பயப்படாதீங்க. சொல்லப்போனா, நீங்க தனியாக் கையெழுத்துப் போட்டிருந்தாத்தான் பண்ணைக்காரங்க கேஸ் போட்டிருப்பாங்க. நீங்க செஞ்சதுதான் சரி.”

“என்னை ஏதாவது திட்டித் தொலையேன், ஃபெர்கஸ்” என்றாள் ஐலீன். அவனுக்குப் புரியவில்லை. போய்விட்டான்.

அவள் வெளியே வந்தாள். கார் நிறுத்துமிடத்தில் நைரி தன் பழைய வேனின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். சுற்றத்தார் எல்லாரும் உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நைரி” என்று ஆரம்பித்தாள் ஐலீன்.

“கல்யாணம் நல்லா நடந்துச்சா?”

“நைரி, நான் அன்னைக்கே மடுவுல வச்சுச் சொல்லியிருக்கணும்...”

“அதை விடு. கல்யாணம்னா கல்யாணம். எனக்கும் தம்பிங்க இருக்காங்க, அவனுங்க கேட்டா நானும் எதையாவது பண்ணித் தொலைப்பேன். உன் மன்றத்துக் கட்டத்துல நீ எதை வேணா போட்டுட்டுப் போ. அது எனக்கு வேணாம்.” நைரியின் குரல் உயரவே இல்லை. “வலையை எடுக்கட்டுமான்னு உன்னைத்தானே கேட்டேன். வேணாம்னு நீதானே சொன்ன. வியாழக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு போன் போட்டு, ‘பம்பு நிக்காது, உன் ஆளுங்களை எறக்கு’ன்னு சொல்லியிருந்தா, வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அத்தனையையும் ஊத்துக்கண்ணுல விட்டிருப்போம். பாதி செத்தாலும் பாதி மிஞ்சியிருக்கும். உன் தம்பிக்கும் தெரிஞ்சிருக்காது, மன்றத்துக்கும் தெரிஞ்சிருக்காது. நீ பாட்டுக்கு ஆடியிருக்கலாம். ஒரு போனு, ஐலீன். ஏன் போடல?”

ஐலீன் பதிலைத் தேடினாள். வெட்கப்பட்டேன், பயந்தேன், மறந்தேன் என்று ஏதாவது ஒன்று உள்ளே கிடைக்கும் என்று தேடினாள். அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. எண்ணை மன்றத்தில் ஏற்றினால் ஆறு பிழைக்கும், ஏற்றாவிட்டால் பிழைக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் வலையும் தொட்டியுமாக முப்பது மனிதர்கள் நின்றுகொண்டிருந்தார்கள் என்பது வியாழக்கிழமை முழுக்க ஒரு நொடி கூட அவள் நினைவில் வரவில்லை.

“தோணல” என்றாள்.

நைரி அவள் முகத்தைப் பார்த்தாள். பொய் இல்லை என்று தெரிந்ததும் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.